எந்த வீட்டுக்கு அழைத்துப் போவது?

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்துவிடுகிறார்கள். சிக்கல் ஏதும் இல்லையென்றால் சில நாட்களில் டிஸ்சார்ஜ். பல குடும்பங்களில் கடைசி நாள் சாயங்காலம்தான் பேச்சே தொடங்குகிறது. அம்மாவைக் கூடுவாஞ்சேரி வீட்டுக்கே கூட்டிப் போவதா, சோழிங்கநல்லூரில் மகன் இருக்கும் ஃபிளாட்டுக்கா, இல்லை கொஞ்ச நாள் ஏதாவது ஒரு பராமரிப்பு மையத்திலா? யாருக்கு லீவு கிடைக்கும், யார் வீட்டில் ஏசி இருக்கிறது, பெற்ற பிள்ளை இருக்கும்போது மையத்தில் விட்டால் ஊர் என்ன சொல்லும் என்று பேச்சு சுற்றிச் சுற்றி வருகிறது. முதல் ஆறு வாரத்துக்கு வீட்டைத் தேர்ந்தெடுக்க என்னிடம் இருப்பது ஒரே அளவுகோல்: ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டிலிலிருந்து எழுந்து, கழிப்பறைக்குப் போய், உட்கார்ந்து, எழுந்து, திரும்பி வந்து படுக்க எந்த வீட்டில் ஆபத்து குறைவு? மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

காரணம் மூட்டிலேயே இருக்கிறது. ஒரு குழிக்குள் ஓர் உருண்டை; புதிய இடுப்பு மூட்டு அவ்வளவுதான். உலோகமும் பிளாஸ்டிக்கும் பீங்கானும் முதல் நாளே உறுதியாக இருக்கும். அவற்றைச் சுற்றியுள்ள தசையும் உறையும் வெட்டித் தைக்கப்பட்டவை. அவை ஆறி இறுகும்வரை, தவறான கோணத்தில் காலை மடக்கினால் உருண்டை குழியைவிட்டு நழுவக்கூடும். பின்பக்கமாகத் திறந்து செய்யும் அறுவையில் வழக்கமாக மூன்று தடைகள் சொல்வார்கள்: இடுப்பைத் தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, காலைக் குறுக்கே போடக் கூடாது, பாதத்தை உள்பக்கம் திருப்பக் கூடாது. குத்தவைப்பது, தாழ்ந்த சோபாவிலிருந்து முன்னால் குனிந்து எழுவது, கீழே விழுந்த செல்போனை எட்டி எடுப்பது, கால்மாட்டில் கிடக்கும் போர்வையை இழுப்பது எல்லாமே முதல் தடையை மீறும் செயல்கள். இந்தக் கட்டுப்பாடு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம்வரை நீடிக்கலாம். முன்பக்க வழியில் செய்திருந்தால் தடைகள் வேறு; எண்ணிக்கையும் குறைவு. சில மருத்துவர்கள் பின்பக்க வழியிலும் இப்போது தளர்த்திச் சொல்கிறார்கள். ஆகவே எந்த வழியில் செய்தார்கள், எதெது கூடாது, எதுவரை கூடாது என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தரச் சொல்லுங்கள். பக்கத்துத் தெரு மாமாவுக்குச் சொன்ன விதி உங்கள் அம்மாவுக்குப் பொருந்த வேண்டும் என்றில்லை.

இன்னொன்றையும் முதலிலேயே பிரித்துப் பார்க்க வேண்டும். தேய்ந்துபோன மூட்டுக்காக நாள் பார்த்துச் செய்துகொள்பவருக்கு வீட்டைத் தயார் செய்ய அவகாசம் உண்டு. பாத்ரூமில் வழுக்கித் தொடையெலும்பின் கழுத்து முறிந்து, ஓரிரு நாளில் அறுவைக்குப் போகும் எண்பது வயதுக்காரருக்கு அது கிடையாது. இவர்கள் ஏற்கெனவே தளர்ந்தவர்கள். மயக்க மருந்துக்குப் பின் சில நாள் மனக்குழப்பமும் வரலாம். நடுராத்திரி கால் ஆபரேஷன் ஆனதையே மறந்து எழுந்து நடக்கப் பார்ப்பார்கள். கீழே நான் சொல்லும் தேர்வுகள் பெரும்பாலும் முதல் வகைக்கானவை. இரண்டாம் வகைக்கு எங்கே மாறும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சொந்த வீடா, பிள்ளை வீடா, மையமா

நந்திவரம், கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம் பக்கம் ஓய்வுபெற்றவர்கள் வாழும் வீடுகளுக்கு ஒரு பொது அமைப்பு உண்டு. மனை வாங்கி, பி.எஃப். பணத்தில் தரைத்தளம் கட்டி, பிறகு மாடி எழுப்பி ஒன்றை வாடகைக்கு விட்ட தனி வீடுகள். ஹாலை ஒட்டி ஒரு படுக்கையறை. பாத்ரூம் இரண்டு இருந்தால் ஒன்று இந்தியன், ஒன்று வெஸ்டர்ன். வாசலில் மூன்று நான்கு படி, பாத்ரூம் வாசலில் தண்ணீர் வெளியே வராமல் இருக்க ஒரு சின்ன மேடு. குறைகள் இருந்தாலும், இந்த வீட்டைத்தான் முதலில் பரிசீலிக்கச் சொல்வேன். அவருக்கு அந்த வீட்டில் கண்ணைக் கட்டிவிட்டாலும் வழி தெரியும். சுவிட்ச் எங்கே, கதவு எந்தப் பக்கம் திறக்கும், தரை எங்கே சரிகிறது என்பதெல்லாம் உடம்புக்குப் பழகியிருக்கும். மனக்குழப்பம் வரக்கூடிய வயதில் இது பெரிய பாதுகாப்பு. எட்டிப் பார்க்க அக்கம்பக்கத்தார் இருப்பார்கள். மருந்துக்கடைக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

பிள்ளையின் ஃபிளாட்டில் லிஃப்ட் உண்டு, வெஸ்டர்ன் டாய்லெட் உண்டு, ஜெனரேட்டர் உண்டு. நாற்பது வயதுக்காரர்களுக்காகக் கட்டிய வீடு என்பதும் அதில் அடங்கியிருக்கிறது: பளபளக்கும் டைல்ஸ், தாழ்ந்த கட்டில், அதைவிடத் தாழ்ந்த சோபா, காலையில் எட்டரைக்கு எல்லோரும் கிளம்பிப் போனபின் பூட்டிய கதவு. பகல் முழுக்கத் தனியாகப் படுத்திருக்க வேண்டிய ஃபிளாட்டைவிட, கணவரோ மனைவியோ கூட இருக்கும் சொந்த வீடு நல்லது. அவர் தனியாக வாழ்பவர் என்றால் கணக்கு மாறும். அப்போது ஆள் இருக்கும் பிள்ளை வீடே சரி, லிஃப்ட் எல்லாம் அதற்குப் பின்தான். லிஃப்ட்டை நம்பிப் போவதானால், அது பழுதான நாளில் எத்தனை மாடி என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

பராமரிப்பு மையம் என்றதும் முதியோர் இல்லத்தில் கொண்டு விட்டதாக நினைத்துக் கண்கலங்குகிறார்கள். இரண்டு வாரம் தங்கி, பிசியோதெரபி செய்து, நடையோடு வீடு திரும்புவதற்கான இடங்கள் சென்னையின் தென்பகுதியிலும் வந்துவிட்டன. அவற்றை யாருக்குச் சொல்வேன் என்றால், முறிவுக்காக அறுவை ஆனவருக்கு, மனக்குழப்பம் தெளியாதவருக்கு, தனியாக வாழ்பவருக்கு, துணையும் எழுபத்தைந்தைத் தாண்டி முதுகுவலியில் இருப்பவருக்கு. நல்ல துணையும் ஒழுங்கான கழிப்பறையும் உள்ள வீட்டுக்காரர் பணம் கொடுத்து அங்கே தங்குவதால் கூடுதலாக நன்றாக நடந்துவிடப் போவதில்லை. 2017ல் ஆஸ்திரேலியாவில் முழங்கால் மூட்டு மாற்றியவர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். பத்து நாள் மறுவாழ்வு மையத்தில் தங்கிப் பிறகு வீட்டுப் பயிற்சிக்குப் போனவர்களும், நேரே வீட்டுப் பயிற்சிக்குப் போனவர்களும், ஆறு மாதம் கழித்து ஏறக்குறைய ஒரே தூரம்தான் நடந்தார்கள். அது இடுப்பு மூட்டு அல்ல, சிக்கலான நோயாளிகளும் அதில் இல்லை. ஆனாலும் மையம் என்றாலே மேலானது என்ற எண்ணத்தைத் தளர்த்த அது போதும். மையத்தைத் தேர்ந்தால் ஒன்றை மட்டும் நேரில் போய்ப் பாருங்கள்: ராத்திரி மணியடித்தால் எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறார்.

மாடி வீட்டுக்காரர்கள்

கீழே வாடகைக்கு விட்டு மாடியில் வசிப்பவர்கள் நிறையப் பேர். அறுவைக்காகக் குடித்தனக்காரரைக் காலி செய்யச் சொல்ல முடியாது, தேவையும் இல்லை. டிஸ்சார்ஜுக்கு முன் படி ஏற பிசியோதெரபிஸ்ட் கற்றுத் தருவார். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். ஒரு கை கைப்பிடியில். வீடு வந்த அன்று ஒருமுறை ஏறிவிட்டால், தையல் பிரிக்கும் நாள்வரை இறங்க வேண்டியதில்லை. அது பத்திலிருந்து பதினான்காம் நாள். ஆகவே மாடியா தரையா என்பதைவிட, படுக்கையும் கழிப்பறையும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்பதே முக்கியம். தரைத்தளத்தில் படுக்கையைப் போட்டுவிட்டு, வெளியே கொல்லைப்புறத்தில் இருக்கும் கழிப்பறைக்கு அனுப்புவது மாடியைவிட மோசம். ஒரே எச்சரிக்கை: நம் பக்கத்தில் பல வீடுகளுக்கு மாடிப்படி வெளியே, மழையில் நனையும்படி இருக்கிறது, ஒரு பக்கம் கைப்பிடியே இல்லாமல். அதற்கு அறுவைக்கு முன்பே ஒரு இரும்புக் குழாய் வைத்துவிடுங்கள்.

கழிப்பறை

இங்கேதான் நேரமும் பணமும் செலவாக வேண்டும். இந்தியன் டாய்லெட் இப்போதைக்கு அறவே கூடாது. பின்னாலும் மருத்துவர் சொன்னால் மட்டுமே. அதற்கு மூன்று மாற்றுகள் இருக்கின்றன.

இந்தியன் டாய்லெட் மட்டும் உள்ள வீட்டில், நடுவில் துளையுள்ள கமோடு நாற்காலியை அதன் மேல் வைத்துப் பயன்படுத்தலாம். மலிவு, உடனே கிடைக்கும். ஆனால் சக்கரம் வைத்தது வேண்டாம். ரப்பர் காலும், இரண்டு பக்கமும் கைப்பிடியும் உள்ளதாக, உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடிவதாக இருக்கட்டும். ஈரத் தரையில் அது அசைகிறதா என்று வீட்டில் உள்ள கனமான ஒருவர் உட்கார்ந்து பார்த்த பிறகே அம்மாவை உட்கார வைக்க வேண்டும். வெஸ்டர்ன் இருந்தாலும் அதன் உயரம் பெரும்பாலும் பதினைந்து, பதினாறு அங்குலம்தான், அது போதாது. அதன் மேல் பொருத்தும் உயர்த்தி நான்கிலிருந்து ஆறு அங்குலம் கூட்டித் தரும். வெறுமனே மேலே வைக்கும் வகையைவிட, திருகால் இறுக்கும் வகையை வாங்குங்கள். மூன்றாவது, அதே கமோடு நாற்காலியை வாளியோடு கட்டில் ஓரத்தில் வைப்பது. பலர் கூச்சப்பட்டு இதை ஒதுக்குகிறார்கள். முதல் பத்து ராத்திரிக்கு மட்டும் இதைப் பயன்படுத்தி, பகலில் நடந்து போய் வருவதுதான் நான் பரிந்துரைப்பது. தூக்கக் கலக்கத்தில் நடக்கும் தூரத்தை அது நான்கு அடியாக்கிவிடுகிறது.

உயரத்துக்குக் கணக்கு எளிது. நோயாளியை நிற்க வைத்து, முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரைவரை அளந்து, இரண்டு அங்குலம் கூட்டுங்கள். கழிப்பறை இருக்கை, நாற்காலி, கட்டில் மூன்றும் அந்த உயரம் இருக்க வேண்டும். உட்கார்ந்தால் முழங்காலைவிட இடுப்பு மேலே தெரிய வேண்டும். கட்டில் தாழ்வாக இருந்தால், தச்சரிடம் சொல்லி நடுவில் குழி எடுத்த மரக்கட்டைகளைக் கால்களுக்கு அடியில் கொடுங்கள். செங்கல் வேண்டாம், நழுவும். நடுவில் குழிந்துபோன இலவம்பஞ்சு மெத்தை எந்த உயரத்தையும் கெடுத்துவிடும், அதற்குப் பதில் கெட்டியான தேங்காய்நார் மெத்தை. மருத்துவமனைக் கட்டிலை வாடகைக்கு எடுப்பவர்கள், தலைப்பக்கத்தையும் முழங்கால் பக்கத்தையும் ஒன்றாக உயர்த்தாதீர்கள். இடுப்பு இரண்டு பக்கத்திலிருந்தும் மடங்கும். கைப்பிடியுள்ள மர நாற்காலி ஒன்று போதும். சாய்வு நாற்காலியும் ஊஞ்சலும் மூன்று மாதம் காத்திருக்கட்டும்.

பாத்ரூம் கதவை அளந்து பாருங்கள். வாக்கரின் அகலம் இரண்டு அடிக்குச் சற்று முன்பின் இருக்கும். பழைய வீடுகளின் பிளாஸ்டிக் கதவு திறந்தால் கிடைக்கும் இடைவெளி சில சமயம் அதைவிடக் குறைவு. கதவைக் கழற்றிவிட்டுத் திரைச்சீலை போட்டுவிடலாம். இதில் இன்னொரு நன்மை: உள்பக்கம் திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒருவர் விழுந்துவிட்டால் வெளியிலிருந்து திறக்கவே முடியாது. தாழ்ப்பாள் போடும் பழக்கத்தை எப்படியும் நிறுத்த வேண்டும். கால்மிதித் துணிகள் எல்லாம் பரணுக்குப் போகட்டும். துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்து எழுந்திருப்பார்கள், அது சுவரோடு வந்துவிடும். அங்கே துளையிட்டுக் கைப்பிடி ஒன்று முடுக்குங்கள். போர் தண்ணீரின் உப்பு படிந்த தரையை ஆசிட் விட்டுத் தேய்த்துவிட்டு, மேலே பிடிப்புள்ள ரப்பர் பாய். வழியில் ஒரு விளக்கு ராத்திரி முழுக்க எரியட்டும், இன்வெர்ட்டர் இணைப்பில்.

யார் கூட இருப்பது

மகளா மருமகளா என்று குடும்பம் யோசிக்கும். நோயாளியின் பக்கத்திலிருந்து யோசித்தால் கேள்வி வேறு. மருமகள் கைபிடித்துக் கழிப்பறைக்குக் கூட்டிப் போவதை ஒத்துக்கொள்ளாமல், தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் அப்பாக்கள் உண்டு. வலி மாத்திரைகளில் சில மலச்சிக்கலை உண்டாக்குபவை. தண்ணீரும் குறைந்தால் முக்கி முக்கித் துன்பப்படுவார்கள். கூச்சம் மதிக்கப்பட வேண்டிய விஷயம். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று சம்பள ஆள் வைப்பதைப் பாசக்குறைவாக யாரும் எண்ண வேண்டாம். எழுபது வயது மனைவி எண்பது கிலோ கணவரைத் தாங்கிப் பிடிக்கப் போய் இருவரும் விழுவதைவிட அது எவ்வளவோ மேல். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பேசட்டும், சாப்பாடு கொடுக்கட்டும். அவர் மட்டுமே தரக்கூடியது அது.

பெரும்பாலானோர் பன்னிரண்டு மணி நேரப் பகல் ஆளை வைக்கிறார்கள், எல்லோரும் ஆபீஸ் போய்விடுவதால். ஒரு ஷிஃப்ட்டுக்குத்தான் வசதி என்றால், பகலில் துணை உள்ள வீட்டில் முதல் இரண்டு வாரம் ராத்திரி ஆளை வைக்கச் சொல்வேன். பகலில் நான்கு பேர் வந்து போவார்கள், ராத்திரியில் எல்லோரும் களைத்துத் தூங்குவார்கள். ஏஜென்சியில் ‘ஹோம் நர்ஸ்’ என்று சொல்லி அனுப்புபவர் பலசமயம் பயிற்சி பெற்ற உதவியாளர்தான். அவரால் ஊசி போட முடியாது. ரத்தம் கட்டாமல் இருக்கத் தரும் மருந்து ஏறக்குறைய ஒரு மாதம், சிலருக்கு ஐந்து வாரம்வரை தொடரும். அது வயிற்றில் போடும் ஊசியா, மாத்திரையா என்று டிஸ்சார்ஜுக்கு முன் கேளுங்கள். ஊசி என்றால் போட யார் வருவார் என்பதை முடிவு செய்த பிறகு வீடு திரும்புங்கள். அந்த மருந்தை நாமாக நிறுத்தக் கூடாது.

பிசியோதெரபி

பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருவது, மருத்துவமனைக்குப் போவது, சொல்லிக் கொடுத்ததை நாமே செய்வது என்று மூன்று வழி. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதல், தெளிவாகச் சொல்லிக் கொடுத்தால் பலர் தாமாகவே செய்யலாம், நேரடி மேற்பார்வை சிரமப்படுபவர்களுக்கு என்றுதான் சொல்கிறது. நம் வீடுகளில் ‘ரெஸ்ட் எடுங்க’ என்று சொல்லியே படுக்க வைத்துவிடுகிறோம். அதனால் முதல் மூன்று வாரம் வீட்டுக்கு ஆள் வருவது நல்லது என்பது என் கணிப்பு. அவர் மின்சாரக் கருவியை மாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தால் ஆளை மாற்றுங்கள். கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவது, தொடையை இறுக்குவது, குதிகாலைப் படுக்கையோடு இழுப்பது, காலைப் பக்கவாட்டில் விரிப்பது, இவற்றோடு தினமும் கொஞ்சம் கூடுதல் நடை, இவைதான் வேலை.

தையல் பிரித்து நடை தெம்பான பின், காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். மருத்துவமனை போன்ற ஓர் இடத்தின் பிசியோதெரபி பிரிவுக்குப் போய்வரலாம். ஜி.எஸ்.டி. சாலையின் நெரிசல் குறைந்த முற்பகலைத் தேர்ந்து, காரில் முன்சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, மேலே ஒரு திண்டு போட்டு, முதலில் உட்கார்ந்து பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். ஆட்டோவும் மின்சார ரயிலும் ஆறு வாரத்துக்கு வேண்டாம். பணம் தடையானால், தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் பிசியோதெரபியும் உண்டு. நந்திவரம் அரசு சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். தினமும் வர மாட்டார்கள், ஆனாலும் செய்முறை சரியா என்று பார்த்துத் திருத்துவார்கள்.

எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதும், எலும்பு சம்பந்தப்பட்டது என்பதால் புத்தூர் கட்டுக்குப் போய்வரலாம் என்ற யோசனையும் நலம் விசாரிக்க வருபவர்களிடமிருந்து கட்டாயம் வரும். வேண்டாம். காலில் ரத்தக்கட்டு இருந்தால் உருவுவது அதை நுரையீரலுக்குத் தள்ளிவிடக்கூடும்.

மழையும் பணமும்

நாள் பார்த்துச் செய்யும் அறுவையானால் பொங்கலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நந்திவரம் ஏரி நிறைந்து மகாலட்சுமி நகர் போன்ற தெருக்களில் தண்ணீர் நிற்கும் வாரத்தில், வாக்கரோடு ஒருவரை ஆம்புலன்ஸ்வரை கொண்டுபோவது எப்படி என்று அந்தத் தெருக்காரர்களுக்குத் தெரியும். ஐப்பசி கார்த்திகையில் தள்ளிப்போட முடியாமல் செய்துகொண்டால், அந்த ஒரு காரணத்துக்காகவே பிள்ளை வீட்டைத் தேர்ந்தெடுக்கலாம்.

வாக்கர், கமோடு நாற்காலி, உயர்த்தி மூன்றையும் வாங்கிவிடுங்கள், பின்னாலும் பயன்படும். கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுங்கள். தனியார் காப்பீட்டில் டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள் செலவைத் தருவது பரவலான வழக்கம். மருந்து, பரிசோதனை, மருத்துவர் எழுதிக் கொடுத்த பிசியோதெரபி எல்லாவற்றுக்கும் ரசீது வாங்கி வையுங்கள். உதவியாளர் சம்பளம் பெரும்பாலும் அதில் வராது. அதை முன்கூட்டியே கையிலிருந்து ஒதுக்க வேண்டும்.

கடைசியாக ஒரு தாளை எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள். கெண்டைக்காலில் திடீர் வலி வீக்கம், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி; காய்ச்சல், தையலிலிருந்து நீர் அல்லது சீழ்; சட்டென்று கடுமையான இடுப்பு வலியோடு கால் குட்டையாகித் திரும்பிக்கொள்வது. இவற்றில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது. மூச்சுத் திணறலுக்கும் கால் திரும்பியதற்கும் 108. காலை நேராக்க யாரும் முயல வேண்டாம். பிள்ளைகள் வெளிநாட்டில் என்றால் முதியோருக்கான உதவி எண் 14567ஐயும் சேர்த்து எழுதுங்கள். அறுவை செய்த மருத்துவமனையின் எண்ணும், பொருத்திய மூட்டின் ஸ்டிக்கர் ஒட்டிய தாளின் நகலும் அதே இடத்தில் இருக்கட்டும். அசல் தாளை வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். 2010ல் ஏ.எஸ்.ஆர். என்ற இடுப்பு மூட்டை அதன் நிறுவனம் உலகெங்கும் திரும்பப் பெற்றபோது, இந்தியாவில் அதைப் பொருத்திக்கொண்டவர்களில் பலரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை.